புதன்கிழமை மரக்கறி

1993 நவம்பர் 10, புதன்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். எங்கள் மோர்டன் வாடகை வீட்டில் குழாயை முழுவதும் திறந்தால் சுவருக்குள் இரும்பு அடிப்பதுபோல் சத்தம் வரும். ஆகவே நூல்போல் தண்ணீர் விட்டு முகம் கழுவினேன். தேநீர் குடித்து, சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி மாடிப்படி இறங்கி, வாசலில் போட்டுக்கொண்டு பெற்றோல் நிலையத்துக்கு வேலைக்குப் போனேன். எல்லா நாளும் இப்படித்தான்.

அது ஒரே சுவரில் இன்னொரு வீடும் சேர்ந்திருக்கும் ஒட்டு வீடு. சுவருக்கு அப்பால் இருந்த முதியவர் எங்களைப் பற்றி இரண்டு தடவை முறையிட்டிருந்தார். முதல் தடவை, மனைவி உரலில் மிளகாய் இடித்ததற்கு. அடுத்தது, கொழும்புடன் தொலைபேசியில் நான் உரக்கக் கதைத்ததற்கு. கீழ்த்தளத்தில் குடும்பத்துடன் இருந்த வீட்டுக்காரர் சிங்கப்பூர்த் தமிழர், கணக்காளர். இன்னொரு முறைப்பாடு வந்தால் அறையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். மனைவிக்கு ஆறாம் மாதம். குளிர் தொடங்கியிருந்தது.

மாடியில் எங்கள் அறைக்குப் பக்கத்து அறையில் அல்ஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெண் கணவருடன் இருந்தார். அவர்களும் எங்களைப்போல் இந்த நாட்டுக்குப் புதியவர்கள். அந்தப் பெண் முன்பு வாழ்ந்ததும் தலைநகருக்கு வெளியே இப்படியொரு அமைதியான ஊரில்தான். அங்கே மதியத்தில் தெருவே உறங்குமாம்; ஆனால் ஒரு சாவு என்றால் அந்தத் தெரு முழுவதும் அந்த வீட்டுக்குள் இருக்குமாம். அரைகுறை ஆங்கிலத்தில் ஒருநாள், மாடியில் எங்கள் இரு குடும்பத்துக்கும் பொதுவான சமையலறையில் சொன்னார்.

பத்து மணியளவில் ஈஸ்ட் ஹாமில் இருந்த நண்பர் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வழக்கமாக, “அண்ணை, உங்கட மோர்டனில இருமுறதுக்கும் பெர்மிஷன் எடுக்கவேணுமோ?” என்று தொடங்குகிறவர், அன்று தயங்கினார்.

“கொழும்பில இருந்து கதைச்சவை. உங்கட மாமா, அக்கான்ர அப்பா, மோசம் போயிட்டார். செத்து ரெண்டு கிழமையாம். சண்டையால பாதை பூட்டினபடியால் இப்பதான் ஊரில இருந்து செய்தி வந்தது.”

“எல்லாம் முடிஞ்சுதோ?”

“ஓம், எரிச்சாச்சு. அக்காவுக்கு அந்த வீட்டில வைச்சுச் சொல்லாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ. கீழ மீன்கடை, வெளியில பஸ். எவ்வளவு குழறினாலும் ஒருத்தருக்கும் கேளாது.”

சரி என்றேன். ஞாயிறு வரை முகத்தை வைத்திருக்க என்னால் முடியும் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். மனைவி சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேர், அதை எடுத்து வை. இண்டைக்கு மரக்கறி சமை,” என்றேன். சாவுத் துடக்கு என்னும் தீட்டு இருக்கும்போது வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை. அந்தப் பழக்கம் என்னை முந்திக்கொண்டது.

அவள் கத்தியை வைத்தாள். “இண்டைக்குப் புதன், வெள்ளியில்லையே. ஏன் மரக்கறி?”

நான் மீன் சட்டியை எடுத்து ஒரு பக்கமாக வைத்தேன்.

“ஆர் செத்தது?”

குழாயை மூடினேன். பின்பு சன்னலை மூடினேன்.

“அப்பாவோ?”

தலையை ஆட்டினேன். மீன் மணக்கும் கைகளால் நெஞ்சில் அறைந்துகொண்டு அவள் நிலத்தில் இருந்தாள். “என்ர ராசா, கொள்ளி வைக்கேக்கையும் முகம் பார்க்கேல்லையே,” என்று எழுந்த குரலை நான் அதற்கு முன் அவளிடம் கேட்டதில்லை. அவளுடைய வாயைப் பொத்தப் போன என் கையைத் தட்டிவிட்டாள். முதியவர் அப்பாலிருந்து சுவரில் அடிக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது.

பக்கத்து அறைப் பெண் வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவளருகே இருந்து, தோளைப் பிடித்து, தன் மொழியில் அவரும் குரலெடுத்து அழுதார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. இரண்டு குரலும் ஒரே ஏற்றத்தில் போயின. நான் வாசலில் நின்றேன்.

வீட்டுக்காரர் மேலே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. காரணம் சொன்னேன்.

“கேட்கவே மனசு கஷ்டமா இருக்கு தம்பி. ஆனா பக்கத்து வீட்டுப் பெரியவரு கவுன்சில் ஆபீஸுக்கே போன் போட்டுட்டாரு. நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க.”

“எப்ப வரைக்கும் இருக்கலாம்?”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாத்துக்குங்க,” என்றார். இறங்கும்போது மாடிப்படி விளக்கை அணைக்கப் போனவர், அணைக்காமல் விட்டார்.

அடுப்பு மூட்டவில்லை. ஏழு மணிக்கு அந்தப் பெண் அகன்ற மண்நிறப் பாத்திரம் ஒன்றில் அவித்த கோதுமைக் குறுணலும் கடலையும் கொண்டு வந்தார். மேலே ஆட்டிறைச்சி இருந்தது. எங்களுக்கு இப்போது ஆகாது என்று தயங்கிச் சொன்னேன். முகம் சுளிக்காமல் துண்டு துண்டாக இறைச்சியைத் தன் விரலாலேயே எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார். இறைச்சிச் சாறு ஊறியிருந்ததை நான் சொல்லவில்லை. மனைவி கொஞ்சம் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பாத்திரத்தைக் கழுவினேன். நூல்போல் தண்ணீர் விட்டதால் நெடுநேரம் எடுத்தது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கமல்ல; ஆனால் சாவு வீட்டிலிருந்து எதையும் வைத்துக் கொடுக்கக்கூடாது. துடைத்து, வெறுமையாகவே அவருடைய கதவருகே சத்தமில்லாமல் வைத்தேன்.