நிறஞ்சலா கேட்ட மாத்திரை

மன்னாரின் கீரிக் கிராமத்தில் கிழிந்த நண்டு வலைகளைப் பொத்தும் பெண்களில் நிறஞ்சலா போட்ட முடிச்சு மட்டும் வழுகியதில்லை. கலியாணமாகிப் பத்தொன்பது வருடம், பிள்ளையில்லை. நாற்பத்து மூன்று வயதில் மாதவிடாய் நின்றது, ஆசை நிற்கவில்லை. ஒவ்வோர் ஆவணியும் கணவர் கொலின்சோடு மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய், மரங்களின் கீழ் கொட்டில் போட்டுத் தங்குவாள். ஒரு பிள்ளை தந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஊரிலிருந்து நடந்தே வருவதாக மாதாவுக்கு நேர்ந்திருந்தாள்.

மாதவிடாய் நின்று ஒன்றரை வருடத்தின் பின், திருவிழா முடிந்த இரண்டாம் கிழமை, அவளுக்கு இரத்தம் பட்டது. மாதா காலத்தைத் திருப்பித் தந்துவிட்டார் என்றே நினைத்தாள். நாள் தவறி வந்ததையும் பொருட்படுத்தவில்லை. கனகாலம் கிடந்த படகு இயந்திரமும் முதலில் இருமித்தானே ஓடும். நேர்த்தி பலிக்குமுன் வாய்விடக் கூடாதென்று கொலின்சுக்கும் சொல்லவில்லை.

இரத்தம் படத் தொடங்கிய ஐந்தாம் மாதம், பக்கத்து வீட்டுக் குழந்தையை நிறுக்க வந்த குடும்பநல உத்தியோகத்தர் நசீறாவைப் படலையடியில் மறித்து, புதிதாகக் கலியாணம் முடித்த பெண்களுக்குக் கருத்தரிக்குமுன் போடக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை தனக்கும் கிடைக்குமா என்று கேட்டாள். நசீறா பகிடியென்று சிரித்தார். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"நிண்டு ஒரு வருசத்துக்குப் பிறகு வாறது மாதவிடாய் இல்லையக்கா. ஒரு துளி பட்டாலும் காட்ட வேணும். நாளைக்கே வெளிக்கிடுங்கோ, நானும் வாறன்."

ஆஸ்பத்திரியில் கருப்பையின் உட்பக்கத்திலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். வைத்தியர் பொறுமையாக விளக்கினார். கருப்பை வாசலில் வரும் புற்றுநோய் வேறு. அது பெரும்பாலும் ஒரு வைரசால் வருவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசி போடுவது அதைத் தடுக்கத்தான். இது உள்ளே வருவது. உடற்பருமனும் நீரிழிவும் இதற்கு வழிவிடும். பிள்ளை பெறாதவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக வரலாம். யாருடைய பாவமும் அல்ல. நோய் இன்னும் கருப்பையைத் தாண்டவில்லை. கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டால் சுகப்படும் வாய்ப்பு மிக அதிகம்.

எடுத்துவிடுவார்கள் என்பது மட்டுமே அவளுக்குக் கேட்டது. அடுத்த திருவிழா முடியட்டும் என்று சொல்லி, ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்திடாமல் மடித்துக்கொண்டு வந்தாள்.

விசயம் அறிந்த கொலின்ஸ் மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை. நான்காம் நாள் அவள் வலையை எடுத்தபோது எதிரே வந்து குந்தினார்.

"உங்களுக்குப் பிள்ளை வேண்டாமோ?" என்று கேட்டாள்.

"வேணும். அதுக்கு முதல் நீ வேணும்." வலை நுனியைப் பிடித்தபடி, "பத்தொன்பது வருசமா என்னை வளர்க்கிறாய். நான் இன்னும் வளந்து முடியேல்லை" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. வலையை ஒதுக்கினாள். அழுது முடித்த பிறகு பேனை கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. பிறகு சில கிழமை கதிர்ச் சிகிச்சை. இரண்டு வருடமாகிறது, ஒவ்வொரு பரிசோதனையிலும் நோய் இல்லையென்றே சொல்கிறார்கள். நசீறா இப்போது பெண்களுக்கான கிளினிக்குக்கு அவளையும் கூட்டிப் போகிறார். தான் ஐந்து மாதம் மறைத்ததைச் சொல்லி, நின்ற பிறகு இரத்தம் பட்டால் அந்தக் கிழமையே வாருங்கள் என்று நிறஞ்சலா சுருக்கமாகச் சொல்வாள்.

போன மாதம் டினோஜா என்ற இளம் பெண், மடியில் கைக்குழந்தையோடு இருந்தபடி கேட்டாள்:

"அஞ்சு மாசம் ஏனக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை? பயமோ?"

நிறஞ்சலா அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமில்லைப் பிள்ளை. சந்தோசமா இருந்தனான்."