"வர்றேன்" என்று ஒரு பொத்தான்

தோல்விதான் பாடம் என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். காரணம் என் கூட்டாளி.

அவன் கோட்டக்குப்பத்துக்காரன். அவன் வீட்டு ஆண்கள் எல்லோரும் வளைகுடாவில் உழைத்தவர்கள். அவனுக்குப் போக இஷ்டமில்லை. அவனுடைய அத்தா ஒரு வருஷம் கெடு கொடுத்தார். "கம்பெனி நின்னா இங்கயே இரு. நிக்கலன்னா ஷார்ஜாவுக்கு ஏறு."

திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் ஆரம்பித்தோம். நிலத்துக்காரருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க ஆள் வேண்டும். பெண்களுக்கு வேலை வேண்டும். இரண்டு தரப்பையும் சேர்த்துவைக்கும் ஆப். வேலை வந்தால் பெண்களின் போனில் இரண்டு பொத்தான் தெரியும். "வர்றேன்", "வரல".

அத்தனை பேரும் "வர்றேன்" அழுத்தினார்கள். "நிக்குது அத்தா" என்று அவன் வீட்டுக்குப் போன் பண்ணினான். மறுநாள் காலையில் ஒலக்கூர் நிலத்துக்காரர் கூப்பிட்டார்.

"உங்க ஆப்புல ஊரே வந்துட்டுது தம்பி. என் கொல்லையில ஒருத்தியும் காணோம். நல்லா வெச்சீங்க ஆப்பு."

மறுபடி மறுபடி இதே கதை. நிலத்துக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் வேலைக்குப் போகிற ஒரு அக்காவிடம் போய்க் கேட்டோம். சிரித்தாள்.

"வான்னு கூப்டறவங்ககிட்ட வரலன்னு எப்படிப்பா சொல்றது? வர்றேன்னுதான் சொல்லுவோம். முடிஞ்சா வருவோம்."

"அது வெறும் பொத்தான்தானேக்கா" என்றான் அவன்.

"பொத்தானுக்குப் பின்னால ஆளு இருக்காங்க இல்ல? போ, பேஜாரு பண்ணாத."

நாங்களும் இந்தப் பக்கம்தான். போக முடியாது என்று தெரிந்தே "வந்துர்றோங்க" என்று சொல்லிக் கல்யாணப் பத்திரிகை வாங்குகிறவர்கள்தான். எங்களுக்கே உறைக்கவில்லை.

அவன் இரண்டு பொத்தானையும் எடுத்தான். "நாளைக்கு எந்த ஊர்ல வேலை?" என்று மட்டும் ஆப் கேட்டது. அதற்கு உண்மையைச் சொன்னார்கள். வேலை இல்லாதவர்களை மட்டும் கூப்பிட்டோம். ஆள் வந்தது. ஆனால் கெடு முடிந்துவிட்டது. விசாவும் வந்துவிட்டது.

"இப்பதான் அத்தா புரிஞ்சுது" என்றான்.

"புரிஞ்ச வரைக்கும் நல்லது. துணிமணி எடுத்து வை."

அவரைத் திட்டிப் பயனில்லை. அவர் முதுகு அங்கேதான் தேய்ந்தது. எனக்கு ஆப் வேலை தெரியாது. அவன் போனதும் மூடினேன்.

சமீபத்தில் விழுப்புரத்தில் ஒரு கல்லூரிக் கூட்டத்துக்கு, தொழிலில் தோற்றவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கோட்டு போட்டவர் மைக்கை நீட்டி, "என்ன கத்துக்கினீங்க சார்?" என்றார்.

"கத்துக்கினவன் ஷார்ஜா குடோன்ல பெட்டி தூக்கிக்கினு இருக்கான். அவனைத்தான் கூப்ட்டிருக்கணும்."

பிள்ளைகள் சிரித்துக் கைதட்டினார்கள். அவர்கள் சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை. வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அங்கே வேலை நேரம்.