பிரசவ அறைக்குள் வந்த அண்ணன்

எங்கள் அண்ணன் அனுமந்தன்பட்டியில், நெல் விவசாயக் குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் அண்ணனும் வயலில் பாடுபட்டு என்னை வளர்த்தார்கள். பிறகு அண்ணன் மதுரைக்குப் போய்க் கம்பவுண்டர் வேலை கற்றுக்கொண்டு, சின்னமனூர்ப் பக்கம் ஒரு வைத்தியரிடம் வேலைக்கு அமர்ந்தார். மதுரையில் பிரசவ வார்டுக்கு மருந்து கொண்டுபோகும்போதெல்லாம் அங்கிருந்த நர்சம்மாவிடம் கேட்டுக் கேட்டு, பிறந்த பிள்ளையைப் பேணும் முறைகளைத் தெரிந்துகொண்டவர் அவர். அந்த அறிவுக்காக அவரைத் தண்டித்தவர்களில் பலர் இன்று அவருடைய இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

என் தலைப்பிரசவம் அம்மா வீட்டில். அண்ணன் கத்தரியையும் நூலையும் கொதிக்கவைத்து வாசலில் நின்று நீட்டினார்.

"தொப்புள்ல சாம்பல் வைக்காதீக பெரியம்மா. எதுவுமே வைக்காதீக."

"ஆம்பளைக்கு இங்கன என்னலே வேலை? நாங்க பாக்காத பேறுகாலமா?"

பெரியம்மா கதவைச் சாத்தினார். அரிவாளால் கொடியை அறுத்து, சாணிச் சாம்பலை அப்பினார்கள். சில நாளில் என் மகனுக்கு வாய் பூட்டிக்கொண்டது. பால் குடிக்க முடியாமல், தொட்டாலே உடம்பு விறைத்து விறைத்துச் செத்தான். காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்றார் பெரியம்மா. அண்ணன் குழி தோண்டப் போனார்.

அடுத்த பிரசவத்தில் அவர் வாசலை விட்டு நகரவில்லை. அவருக்குப் பெண் நிச்சயமாகியிருந்த நேரம் அது. பிள்ளை பிறந்தது, அழவில்லை.

"செத்துப் பெறந்திருச்சு" என்று பெரியம்மா அதைப் பழந்துணியில் சுற்றிக் கீழே கிடத்தினார்.

"அண்ணே!" என்று கத்தினேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளையைத் துடைத்து, வாய்க்குள் இருந்ததை விரலில் துணி சுற்றி எடுத்து, முதுகைத் தேய்த்தார். அசைவில்லை. தன் வாயை வைத்து மெல்ல ஊதினார். மறுபடி ஊதினார். முனகலாக ஒரு சத்தம் வந்தது. பிறகு தெருவுக்கே கேட்கும்படி அழுதாள் என் மகள். அண்ணன் கொடியைக் கட்டி நறுக்கி, அவளை என் நெஞ்சின் மேல் போட்டார்.

"சீம்பாலப் பீச்சி ஊத்திராத ஆத்தா, அதக் குடு. இன்னைக்குக் குளிப்பாட்ட விடாத."

பிள்ளை பிழைத்ததை ஊர் பேசவில்லை. தங்கை பெற்றுக் கிடந்த அறைக்குள் அண்ணன் போனதையே பேசியது. நிச்சயம் முறிந்தது. பிறகு எவரும் அவருக்குப் பெண் கொடுக்கவில்லை. கல்யாணங்களுக்கு அழைப்பதையும் நிறுத்தினார்கள். ஆனால் தங்கள் வீட்டில் பேறுகாலம் என்றால் கொல்லைப்பக்கமாக வந்து அவரிடம் கேட்டார்கள். பெரியம்மாவே தன் மகளுக்காக வந்தார்.

"மனசுல வச்சுக்காதப்பா."

அண்ணன் கத்தரியைக் கொதிக்கவைத்துக் கொடுத்து, செய்ய வேண்டியதையும் சொல்லி அனுப்பினார். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

சென்ற ஆண்டு மலைக்காய்ச்சலில் படுத்தார். அவர் மூச்சுக் கொடுத்த என் மகள்தான் கடைசிவரை கஞ்சி ஊட்டினாள். உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் தம் வண்டியிலேயே கம்பத்துக்குப் போய்க் கொய்னா மருந்து வாங்கி வந்தார். இரவும் பகலும் உடனிருந்தார். அவருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

சொந்தக்காரர்கள் மாலையோடுதான் வந்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

என் மகளுக்கு இது நிறைமாதம். அண்ணன் கற்றுத்தந்தபடி நானே பார்த்துக்கொள்வேன். பிரசவ அறைக்கு யோசனை சொல்ல உறவினர் எவரும் வர வேண்டாம் என்று பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.