ஒஸ்ஸாத்தியின் மகள் படித்த படிப்பு

ஏன் பிசியோதெரபி எடுத்தாய் என்று கேட்டால், சின்ன வயதிலிருந்தே நோயாளிகளுக்குச் சேவை செய்ய ஆசை என்று ஜுமைலா சொல்வாள். சுத்தப் பொய். மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் எட்டவில்லை. நர்சிங் போனால் அடுத்தவர் மூத்திரம் அள்ள வேண்டியிருக்கும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். பிசியோதெரபிக்கு வெள்ளைக் கோட்டு உண்டு, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டாலும் நம்மூரில் யாரும் கேட்பதில்லை. அதற்கும் அடியில் இன்னொரு காரணம் இருந்தது. உம்மாவின் தொழிலிலிருந்து எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடிவிட வேண்டும்.

உம்மா ஸைனபா ஒரு ஒஸ்ஸாத்தி. கோட்டக்கல் பக்கத்தில் இருக்கிற அவர்கள் ஊரில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் நாற்பது நாளைக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெற்றவளுக்கு உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து, இலைகள் போட்டுக் கொதித்த தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டி, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டி, குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். தலை சிரைக்கிற ஒஸ்ஸான் குடும்பத்துப் பெண்கள்தான் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்கிறவர்கள். பள்ளிவாசலில் எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். கல்யாணப் பேச்சு எடுத்தால் மட்டும் வரிசை மாறிவிடும். நாம் எல்லோரும் அப்படித்தானே, இதில் யாரைக் குறை சொல்வது.

உம்மா வீட்டுக்குள் நுழையும் முன்பே குழம்பு என்று அவர்கள் சொல்லும் அந்த மூலிகை எண்ணெயின் வாசனை நுழையும். பள்ளிக்கூடத்தில் ஜுமைலா தலையில் போட்டிருக்கும் தட்டத்திலும் அது ஒட்டியிருக்கும். பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒருத்தி எழுந்து போனதை அவள் மறக்கவே இல்லை. மங்களூரில் கல்லூரி சேர்ந்தபோது, உம்மா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் தையல் என்று சொன்னாள். தையல் மரியாதையான தொழில், வாசனையும் கிடையாது.

முதல் செய்முறை வகுப்பிலேயே விதி அவளைப் பார்த்துச் சிரித்தது. ஒரு மாணவியைக் குப்புறப் படுக்கவைத்து, கெண்டைக்கால் தசையைக் கையால் தொட்டு உணர்ந்து பாருங்கள் என்றார் ஆசிரியை. எல்லோரும் கூச்சப்பட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது ஜுமைலாவின் விரல்கள் தாமாகவே சரியான இடத்துக்குப் போய் நின்றன. "அடியே, உன் கை இதையெல்லாம் எங்கே கத்துக்குச்சு?" என்று படுத்திருந்தவள் கேட்டாள். ஜுமைலா சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள். இவ்வளவு பாடுபட்டு ஓடிவந்து மறுபடியும் அடுத்தவர் உடம்பின் மேல்தான் கை வைக்க வேண்டுமா என்று அன்றைக்கு விடுதிக் குளியலறையில் அழுதாள். ஆனாலும் படித்தாள், நன்றாகவே படித்தாள். பெரிந்தல்மண்ணையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது.

நடக்கக் கூடாதது நடந்தது ஹஸ்னத்தின் நாற்பதில்.

ஹஸ்னத் அவளுடன் ஒரே பெஞ்சில் படித்தவள். எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். துபாய்க்காரனுக்குக் கட்டிக்கொடுத்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். ஸைனபா தினமும் காலையில் போய்க் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உம்மா வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போன எண்ணெய்ப் புட்டியைக் கொடுத்துவிட்டு வர ஜுமைலா அங்கே போனாள். போன நேரத்தில் ஹஸ்னத்தின் மாமியார் வீட்டுக்காரர்கள் குழந்தையைப் பார்க்க வந்து கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரு இது, பாத்த மொகமா இருக்கே?" என்றாள் மாமியார்.

ஹஸ்னத்தின் உம்மா ஆயிஷும்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசில் விஷம் கிடையாது. "நம்ம ஒஸ்ஸாத்தியோட மோள்தான். இவளும் அதே தேய்க்கிற வேலைதான். என்ன, உம்மா சும்மா கத்துக்கிட்டா, இவ மங்களூர் வரைக்கும் போய்க் கத்துக்கிட்டு வந்திருக்கா!"

கூடம் முழுக்கச் சிரித்தது. மாமியார் ஒருத்தி மட்டும், "படிச்ச பிள்ளைய அப்படிச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு, தானும் சிரித்தாள். ஜுமைலாவும் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள். காது மடல்கள் எரிந்தன. அரிசிப் பத்திரியும் கோழிக்கறியும் ஆறுகிறது என்று ஆயிஷும்மா எல்லோரையும் சாப்பாட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். புட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று ஜுமைலா ஹஸ்னத் கிடந்த அறைக்குள் நுழைந்தாள்.

"ஜுமி, நீ வந்தது நல்லதாப் போச்சு" என்று ஹஸ்னத் போர்வையை விலக்கினாள். "இந்த இடது கால் மட்டும் வீங்கிக் கெடக்கு பாரு. கெண்டைக்கால்ல கை வச்சாலே உயிர் போகுது. தொட்டா சூடா வேற இருக்கு. கொஞ்சம் பாரேன்."

ஒரு கால் மட்டும். சூடு. வலி. பிரசவம் ஆகி, படுக்கையிலேயே கிடப்பவள். இந்த நான்கும் ஒன்றாக வந்தால் அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அவள் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் காதில் கூடத்துச் சிரிப்புதான் இருந்தது. நீட்டிய காலைப் பார்த்ததும், இவளும் என்னைத் தேய்க்கத்தான் கூப்பிடுகிறாள் என்றுதான் மனசு போயிற்று.

"எண்ணெய் தேய்க்கிறதுக்காக நான் படிக்கலை ஹஸ்னா. அந்த வேலைக்கு உம்மா இருக்காங்கல்ல, அவங்ககிட்டச் சொல்லு."

ஹஸ்னத்தின் முகம் சுருங்கியது. "தேய்க்கவா சொன்னேன்? பாக்கத்தானே சொன்னேன்" என்று அவள் சொன்னபோது ஜுமைலா வாசலைத் தாண்டியிருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் 'ஒரு கால் மட்டும்' என்ற சொல் மறுபடி வந்து நெஞ்சில் இடித்தது. வீட்டுக்குப் போய் ஃபோன் செய்யலாம் என்று நினைத்தாள். போனதும், அவளே கூப்பிடட்டுமே என்று வீம்பு பிடித்துக்கொண்டது. செய்யவில்லை.

விருந்தாளிகள் இருந்ததால் அன்றைக்கு ஹஸ்னத்துக்கு எண்ணெய் தேய்ப்பது தள்ளிப்போயிற்று. மறுநாள் காலை ஸைனபா, வீங்கின காலாச்சே என்று இரண்டு கை எண்ணெய் அதிகமாகவே ஊற்றி, கணுக்காலிலிருந்து மேலே அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். குளித்து முடித்துத் துணி மாற்றும்போது ஹஸ்னத் மூச்சு முட்டிக் கீழே விழுந்தாள். கொண்டுபோனது ஜுமைலா வேலை செய்த ஆஸ்பத்திரிக்குத்தான். கால் இரத்தக் குழாயில் உறைந்திருந்த கட்டி பெயர்ந்து போய் நுரையீரலில் அடைத்துவிட்டது என்றார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பெரிய டாக்டர் கத்தினார். "இந்தக் காலைத் தேய்ச்சது யாரு?"

"எங்க ஒஸ்ஸாத்தி, டாக்டரே" என்றாள் ஆயிஷும்மா.

"இவங்களையெல்லாம் பிடிச்சு உள்ள போடணும். எத்தனை பேரைத்தான் கொல்லுவாங்க?"

இரண்டடி தள்ளி, வெள்ளைக் கோட்டில், ஜுமைலா நின்றுகொண்டிருந்தாள். ஆயிஷும்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரே, மோளே, நீ இங்க இருக்கியே, அது போதும். எம்பிள்ளையப் பாத்துக்கோ." அந்த வீட்டிலிருந்து ஒருவர் அவளை டாக்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் தலையை ஆட்டினாள். இப்படி ஒரு பிறவியும் இருக்கலாமா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ஹஸ்னத் பிழைத்துக்கொண்டாள். ஸைனபாவின் பெயர் பிழைக்கவில்லை. மாமியார் வீட்டுக்காரர்கள் ஆயிஷும்மாவைக் குடைந்தார்கள், ஆயிஷும்மா எல்லாவற்றையும் ஒஸ்ஸாத்தி தலையில் இறக்கி வைத்தாள். அடுத்த மாதத்துக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு வீடுகளும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆளனுப்பின. டீக்கடையில் அவளுக்கு ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள், அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. ஸைனபா வெளியே போவதை நிறுத்தினாள். வீட்டில் இருந்த எண்ணெய்ப் பாத்திரங்களையெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கழுவினதையே திரும்பவும் கழுவினாள்.

ஒரு நாள் காலை, சோறு வைத்துக்கொண்டிருந்த உம்மாவின் முதுகைப் பார்த்தபடி ஜுமைலா சொல்லிவிட்டாள்.

"உம்மா, அன்னைக்கு ஹஸ்னத் என்னைத்தான் மொதல்ல பாக்கச் சொன்னா. நான்தான்…"

"தெரியும்" என்றாள் ஸைனபா. திரும்பவில்லை. "நான் குளிமுறியில பிள்ளைக்கு வெந்நீர் கலந்துக்கிட்டிருந்தேன். நடுவுல ஒரு சுவர்தானே."

"கேட்டீங்களா? அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"என்னன்னு சொல்லுறது? எம்மோளுக்கு நான் நாறுறேன், அதனாலதான் அவ அந்தக் கால்ல கை வைக்கலைன்னா?" ஸைனபா அகப்பையைப் பானை விளிம்பில் தட்டினாள். "போ, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அன்று ஜுமைலா வேலைக்குப் போகவில்லை. நேராக ஹஸ்னத் வீட்டுக்குப் போனாள். ஹஸ்னத் வீடு திரும்பி இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. ஆயிஷும்மா நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள், கேட்காமலே சாயா கொண்டுவந்தாள். ஜுமைலா உட்காரவில்லை.

"எங்க உம்மா மேல தப்பில்லை. ஹஸ்னா என்கிட்டக் காலைக் காட்டினா. அந்த வீக்கம் என்னன்னு படிச்ச எனக்குத்தான் தெரியணும். நான் பாக்காம, எங்க உம்மாகிட்டச் சொல்லுன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். தப்பு என்னோடது."

ஆயிஷும்மாவின் கண்கள் கலங்கின. "பெத்தவளுக்காக இப்படிப் பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிறியே, உன்ன மாதிரி ஒரு பிள்ளை எந்த வீட்ல இருக்கு? ஸைனபா கொடுத்து வச்சவ. சரி விடு, படிக்காதவ, தெரியாமச் செஞ்சுட்டா. நாங்களும் அதிகமாத்தான் பேசிட்டோம்."

"இல்ல, நான் சொல்றது…"

"சொல்லாதே மோளே, எனக்குப் புரியுது." ஆயிஷும்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

ஜுமைலா கட்டிலைப் பார்த்தாள். ஒரு வார்த்தை ஹஸ்னத் சொன்னால் போதும். திட்டினாலும் போதும். ஹஸ்னத் குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்ததுதான் வந்தே, காலை மெதுவா அசைச்சுப் பழகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எப்படின்னு ஒருதரம் காட்டிட்டுப் போயேன்" என்றாள் ஆயிஷும்மா. யார் எதைச் சொன்னாலும் செய்கிற நிலையில்தான் ஜுமைலா இருந்தாள். கட்டிலோரம் தரையில் மண்டியிட்டு, இடது கணுக்காலுக்குக் கையை நீட்டினாள்.

ஹஸ்னத் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"உம்மா, நாளையிலேருந்து பிள்ளையக் குளிப்பாட்ட ஸைனாத்த வரட்டும்."

"ஒஸ்ஸாத்தியா? அவளால வந்த வெனைதானே…"

"அவங்க வரட்டும். நான் கேட்டதுக்கு வந்து பாத்தவங்க அவங்கதான். இவ வேண்டாம்."

ஆயிஷும்மா மகளைப் பார்த்தாள், பிறகு கீழே இருந்தவளைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் முகத்தில் இருந்த இரக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"அப்போ, நீ சொன்னது நெசமா?"

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், மண்டியிட்டபடியே, "நெசம்தான் ஆயிஷும்மா" என்றாள் ஜுமைலா.