குணவதி திட்டிய காட்சி

திகாம் பத்து என்கிற ஊரின் மலிவுவிலை வீடுகளில் குணவதியின் வீட்டைப் போல அமைதியான வீடு கிடையாது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அறுபத்தோரு வயது குணவதி, மகன் லோகன், மருமகள் பிரேமலா, மூன்றே பேர். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேவகி, தன் வீட்டுக் கூச்சலிலிருந்து தப்பி வந்து உட்காரும்போதெல்லாம், "ஒங்க வீட்ல மட்டும் எப்படிக்கா இவ்ளோ நிம்மதி?" என்று பெருமூச்சு விடுவாள்.

"எம் மகன் கொரல ஒசத்திப் பேசமாட்டான். அந்தக் கொடுப்பினை எனக்கு இருக்கு" என்பாள் குணவதி. சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே. அவள் வாழ்க்கையில் நிமிர்ந்துகொள்ள வேறு என்ன இருந்தது?

இருபது வயதில் மணியத்தைக் கட்டிக்கொண்டு, பக்கத்து ஊரான பீடோங்குக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்துக்கு வந்தாள். மணியம் மண்டோர், பால் வெட்டுகிறவர்களை மேற்பார்க்கிற வேலை. தோட்டத்துக் கோயிலுக்குச் செயலாளர். தேவாரம் பாட ஆரம்பித்தால் பெண்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர் என்று தோட்டமே சொன்னது. கதவைச் சாத்திய பிறகு அந்த வாய் என்ன பேசும் என்பது குணவதிக்கு மட்டும்தான் தெரியும்.

லயத்தில் வரிசையாக ஒட்டிய வீடுகள், வீட்டுக்கு வீடு பலகைச் சுவர். அடுத்த வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். அதனால் மணியம் கத்தமாட்டார். அவள் காதருகே குனிந்து, சாப்பிட்டாயா என்று கேட்கிற தொனியில், மெதுவாகத் திட்டுவார். குழம்பில் உப்பு கூடினால் திட்டு, கோயிலில் யாரையாவது பார்த்துச் சிரித்தால் திட்டு. அவளையும் அவளைப் பெற்றவளையும் ஒன்றாக உரித்துத் தொங்கவிடுகிற சொற்கள். அதில் ஒன்று அவளுக்கென்றே அவர் உண்டாக்கியது. ஒட்டுப்பால் முண்டை. மரத்திலும் பால் பிடிக்கிற மங்கிலும் காய்ந்து ஒட்டிக்கொண்ட பாலைத்தான் ஒட்டுப்பால் என்பார்கள். மூட்டை கட்டி வைத்தால் நாலு லயம் தாண்டி நாறும்.

முப்பத்து மூன்று வருடம் கேட்டாள். ஒருநாளும் திருப்பிப் பேசவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் லோகன் தூங்கினான். அவனுக்கு அப்பா என்றால் உயிர். அந்தப் பிள்ளை காதில் இது விழக்கூடாது, அவன் இதைத் தெரிந்துகொள்ளாமலே வளர வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் பிடிவாதம். மணியம் செத்து எட்டு வருடமாகிறது. வருடா வருடம் லோகன் திதி கொடுத்து, படத்துக்குப் புது மாலை போடுகிறான். அதைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு பக்கம் பற்றிக்கொண்டு வரும். இன்னொரு பக்கம், தான் ஜெயித்துவிட்டதாகவும் தோன்றும்.

பீடோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவளுக்குச் சமையல்கட்டு வேலை. போன வருடம் ஒரு நாள், படப்பிடிப்புக்காரர்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகச் சொன்னார் முதலாளி. ஆள் இல்லாத பழைய லயத்தில், தொலைக்காட்சிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சத்தியசீலன் என்கிற இளைஞன்தான் இயக்குநர்.

இவள் போன நேரம் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட கணவனுக்கு முன்னால் உட்கார்ந்து, அவன் ஆயுசு முழுக்கத் தன்னைத் திட்டியதை எல்லாம் மனைவி திருப்பிச் சொல்கிறாள். அந்த ஒரே காட்சிக்காகக் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த நடிகை ஷீலா, லயமே அதிரக் கத்தினாள். நாலு தரம் எடுத்தும் சத்தியசீலன் முகம் தெளியவில்லை.

குணவதி சோற்றுப் பொட்டலங்களை இறக்கிவைத்தாள். வாய் சும்மா இருக்கவில்லை. "கத்தக்கூடாது தம்பி. இது பலகச் சுவரு. மெதுவா, காதுகிட்டப் போய்ச் சொல்லணும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்படி ஆன்ட்டி? செஞ்சி காட்டுங்களேன்" என்றான் சத்தியசீலன்.

அவள் கட்டிலருகே போய்க் குனிந்தாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் வாய் திறந்ததும் வந்தது அவள் குரலே இல்லை. "யாருடி ஒன்ன மதிக்கிறா? ஒட்டுப்பால் முண்ட. நீ செத்தா தூக்கறதுக்குக்கூட ஆள் வரமாட்டான்." அதற்கு மேலும் வந்தது. கட்டிலில் நோயாளியாகப் படுத்திருந்த நடிகர் கண்ணைத் திறந்துவிட்டார். அவள் நிமிர்ந்தபோது ஷீலா அழுதுகொண்டிருந்தாள். "இத நீங்கதான் பண்ணணும் ஆன்ட்டி. எனக்கு வராது" என்று தன் சேலை முந்தானையை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சேலையைக் கட்டி, குணவதியை வைத்தே காட்சியை எடுத்து முடித்தார்கள். பொட்டலங்களைப் பிரிக்கும்போது அவள் கேட்டாள். "ஏந் தம்பி, நாலு பேரு பாக்கற டிவியில இந்தக் கெட்ட வார்த்தயெல்லாம் எதுக்கு? கெட்டவன்னு காட்ட அடிக்கிற மாதிரி வச்சா பத்தாதா?"

"அடி வெளிய தெரியும் ஆன்ட்டி. இது தெரியாதுலா. இதே வார்த்தய வீட்ல கேக்கற யாராச்சும் பாப்பாங்க. நமக்கு மட்டும் இல்லன்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

நல்ல பதில்தான். ஆனால் வீடு போய்ச் சேருவதற்குள் அவளுக்கு வேறொன்று உறைத்தது. லோகனும் பார்ப்பானே! அம்மாவுக்கு இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும், அப்பா படத்தில் மாலை நிற்காது. முப்பத்து மூன்று வருடம் கட்டிக் காத்ததை அரை நிமிட நடிப்பில் போட்டு உடைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். பல மாதம் அந்தப் பயம் அவளை விடவில்லை.

ஒளிபரப்புக்கு இரண்டு நாள் முன்பு சத்தியசீலன் போன் செய்தான். குரலில் ஜீவனில்லை. "டிவிக்காரங்க அந்த வார்த்தயெல்லாம் வெட்டச் சொல்லிட்டாங்க ஆன்ட்டி. அந்த எடத்துல டூட்டுன்னு சத்தம்தான் வரும். சாரி."

"பரவால்ல தம்பி" என்றாள் குணவதி. சாமி மாடத்துக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தேவகியும் அவள் கணவன் புவனேசனும் வந்து உட்கார்ந்தார்கள். லோகன் எல்லோருக்கும் தின்னக் கறிப்பாப் வாங்கி வந்திருந்தான். பிரேமலா சுவரோரம் நின்றே பார்த்தாள். காட்சி வந்தது. குணவதி திரையைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தாள். திரையில் அவள் குனிந்தாள். "யாருடி ஒன்ன மதிக்கிறா?" பிறகு டூட். பிறகு, "நீ செத்தா தூக்கறதுக்குக்கூட ஆள் வரமாட்டான்." அப்புறம் வரிசையாக டூட் டூட் என்று நாலைந்து தரம். புவனேசன் சிரித்துவிட்டான். லோகன் ஒரு நொடி மெல்லுவதை நிறுத்தி, பிறகு விழுங்கினான்.

"சூப்பர்லா மா" என்றான்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அங்க அப்படி என்னாதான் சொன்னீங்க?" என்று தேவகி பிடுங்கினாள். "அதெல்லாம் சும்மா எழுதிக் குடுத்தது" என்று சொல்லிவிட்டு, பாலில்லாத தேநீர், தே ஓ, கலக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனாள்.

பிரேமலா அவளுக்கு முன்பே அங்கே வந்திருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய கோப்பையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத்தே" என்றாள் திரும்பாமல். "மொத டூட்டு வந்த எடத்துல... ஒட்டுப்பால் முண்ட. அதானே?"

குணவதி கையிலிருந்த சீனி டப்பாவை மெல்லக் கீழே வைத்தாள். பிரேமலா செர்டாங் டவுனில் மளிகைக்கடைக்காரர் மகள். ஒட்டுப்பாலைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டாள். இந்த வீட்டில் அவள் காலெடுத்து வைத்தபோது மணியம் உயிரோடு இல்லை. அந்த வார்த்தை இந்த உலகத்தில் ஒரே ஒரு வாயிலிருந்து வந்தது. அந்த வாயை எரித்து எட்டு வருடமாகிறது.

"ஒனக்கு யாரு சொன்னா?"

பிரேமலா கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "மெதுவாத்தான் சொல்வாரு அத்தே. ஒங்களுக்குக் கேக்கக்கூடாதுன்னு."

அடுத்த வீட்டுக்காரனுக்குக் கேட்டுவிடும் என்று பயந்துதானே மணியம் மெதுவாகப் பேசினார். அதே பலகைக்கு இந்தப் பக்கம் ஒட்டிப் படுத்திருந்த பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்? இத்தனை வருடத்தில் அவள் இதை ஒருமுறைகூடத் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கப் பயம். லோகன் வார்த்தையை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டிருந்தான். இந்த வீட்டு அமைதியைப் பற்றித் தேவகியிடம் அடித்த பெருமையெல்லாம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அங்கேயே விழுந்து சாகலாம் போலிருந்தது.

சாகவில்லை. தே ஓ கலக்காமலே கூடத்துக்குப் போனாள். தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க என்னா சொன்னேன்னு கேட்டியே தேவகி" என்றாள். லோகனைப் பார்த்துக்கொண்டே, டிவி வெட்டியதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். காதோடு சொல்லவில்லை. தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

தேவகி வாயைப் பொத்திக்கொண்டாள். புவனேசன் தலையைக் குனிந்துகொண்டு, "யாருக்கா இப்படியெல்லாம் பேசுவா?" என்றான்.

லோகன் மட்டும் எதுவும் கேட்கவில்லை. மேசையிலிருந்த மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மோட்டார் சத்தம் சந்துமுனை வரைக்கும் கேட்டது. தேவகியும் புவனேசனும் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனார்கள்.

பிரேமலா சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"இப்ப என்னா அத்தே ஆகும்? அவரு திரும்பி வந்தா?"

குணவதிக்குத் தெரியவில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் அவள் இப்படி உரக்கத் திருப்பிச் சொல்லி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.