பாம்புக்கடியும் பேட்டரி சைக்கிளும்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை, சின்னமனூரைத் தாண்டி மேகமலை அடிவாரத்து ஓடைப் பாதையில் நடந்தது இது.

மூட்டு வலிக்காக நான் பேட்டரியில் ஓடும் மலைச் சைக்கிள் வாங்கி ஓராண்டு ஆகியிருந்தது. ஏற்றத்தில் மிதிக்கும்போது மோட்டார் துணைக்கு வரும். கல்லும் பள்ளமுமான பாதையிலும் முதுகு அதிராது. ஆனால் கனம் அதிகம். வாசல் படியில் ஏற்றவே இன்னொரு ஆள் வேண்டும். கேரியரும் கிடையாது. “இம்புட்டு வெல குடுத்தும் ஒரு சாக்கு வைக்க எடமில்லையே சார்” என்று டீக்கடையில் கேலி செய்வார்கள்.

அன்று ஓடையைக் கடக்கையில் திராட்சைத் தோட்டத்திலிருந்து கூச்சல் கேட்டது. களையெடுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கண்ணாடி விரியன் காலில் கடித்திருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அது மேலே தார்ச்சாலை வரைதான் வரும். மழையில் தோட்டத்துப் பாதை அரித்துப்போய், டிராக்டர்கூட இறங்க முடியாமல் கிடந்தது. பாம்பு கடித்தவர் நடக்கக் கூடாது. கூட வேலை செய்த இரண்டு பெண்களும் நானும் தூக்கிப் பார்த்தோம்; ஈரக் கல்லில் கால் வழுக்கியது.

சைக்கிளில் உட்காரச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். இரு பக்கமும் காலைப் போட்டுத்தான் அந்த இருக்கையில் உட்கார முடியும். அதுவும் சேலையோடு, முன்பின் தெரியாத ஆண் முன்னால்.

“நா மாட்டேன். நொண்டிக்கிட்டே வாரேன்” என்று ஓரடி எடுத்தும் வைத்துவிட்டார்.

“ஏத்தா, மானத்த ஆஸ்பத்திரியில போயித் தேடிக்கிருவோம். இப்பக் காலப் போடு” என்று அந்த இருவரில் ஒருவரான அவர் தோழி அதட்டினார். வெயிலுக்காகச் சேலைமேல் போட்டிருந்த தன் கணவரின் முழுக்கைச் சட்டையைக் கழற்றி, கடிபட்டவரின் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார். நான் ஓடைப் பக்கம் திரும்பி நின்றேன். பிறகுதான் அவர் ஏறினார்.

தள்ளுவதற்குத் துணையாக இந்த வண்டியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்திருக்கும் வரை மோட்டார் நடை வேகத்தில் நகர்த்தும், விட்டால் நின்றுவிடும். அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். இன்னொரு பெண் அவர் முதுகைத் தாங்கினார். தோழி கடிபட்ட காலை அசையாமல் ஏந்தியபடி பக்கத்தில் நடந்தார்.

“அண்ணே, நா ரொம்பக் கனக்குறேனா?”

“நீ என்னத்தக் கனக்குற. இந்த இரும்புக் கழுததான் கனக்குது” என்றார் தோழி.

கடிபட்டவர் லேசாகச் சிரித்தார். கால் வீங்கிக்கொண்டே வந்தது. என் கட்டைவிரல் மரத்துப்போயிற்று. விட்டால் வண்டி பின்னால் உருளும் என்பதால் விடவில்லை.

நாங்கள் மேலே சேரும்போது ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சில வாரங்கள் கழித்து அந்தத் தோழியைச் சந்தையில் பார்த்தேன். “பொழச்சுக்கிட்டா அண்ணே. சட்டைய மட்டும் இன்னும் திருப்பித் தரல” என்றார்.

எத்தனையோ மேடுகளில் இந்தச் சைக்கிளை ஓட்டியிருக்கிறேன். ஆனால் நான் ஏறாமல் கூடவே நடந்துவந்த அந்தக் காலைக்குப் பிறகுதான், அதை வாங்கியது சரி என்று எனக்கு உறுதிப்பட்டது.