வளைவுக்குப் பின்

போன வாரம் எங்கள் வீட்டு அடுப்பு லைட்டர் மக்கர் செய்துவிட்டது. மனைவி எங்கிருந்தோ ஒரு தீப்பெட்டியைத் தேடியெடுத்து உரசி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் குச்சியை ஊதி அணைத்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

"என்னாச்சுங்க?"

"அக்கா ஞாபகம் வந்துருச்சு."

"தீக்குச்சியக் கிழிச்சா உங்க அக்கா ஞாபகம் வருதாக்கும். இருங்க, போன் பண்ணிச் சொல்றேன்" என்றாள். சொல்லியும்விட்டாள். நாத்தனாரிடம் எதைச் சொல்லலாம் என்று காத்திருக்கிறவள் அவள். மறுமுனையில் அக்கா சிரித்தது எனக்கே கேட்டது. அவளுக்கு உடனே புரிந்திருக்கும்.

உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். காருக்கு வேகம் கூட்ட நைட்ரஸ் என்று ஒரு வாயு உண்டு. பல் டாக்டர்கள் கொடுக்கிற சிரிப்பு வாயுவேதான். ஆனால் காருக்கென்று விற்கிற பாட்டிலைப் போதைக்காக யாரும் முகர்ந்து பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அதில் துளி கந்தக வாயுவைக் கலந்திருப்பார்கள். அதனால் அணைத்த தீக்குச்சி வாடை அடிக்கும். என் இருபத்து நான்காம் வயது முழுக்க எனக்கு அந்த வாடைதான். கோயம்புத்தூரில் கார்களைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிற ஒரு பட்டறையில் வேலை. எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று உறுதியாக நம்பிய காலம் அது. அவ்வளவு அறிவு பிற்பாடு எனக்கு வாய்க்கவே இல்லை.

அக்கா சேந்தமங்கலத்தில் இருந்தாள். வேலை மலைமேல், திருப்புலி நாட்டுப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில். மருந்துச் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மருந்தாளுநர். முதல் பஸ்ஸைப் பிடித்தால் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிடும் என்று, கையிருப்பைத் துடைத்துப் போட்டு ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கியிருந்தாள். கார்பரேட்டர் வைத்த பெட்டி வண்டி. அதில் தினமும் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சாயந்திரம் அதே எழுபதும் இறங்குவாள். பின்னால் வரும் ஜீப்காரர்கள் ஒவ்வொரு வளைவிலும் ஆரன் அடித்தே அவளைச் சலிக்க வைத்திருந்தார்கள். பொம்பளை வண்டி என்று கண்ணாடி வழியாகப் பார்த்தாலே தெரிந்துவிடுமாம்.

அந்த வருஷம் வெளியூர் மோட்டார் கிளப் ஒன்று அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மலைப்பாதையை அடைத்துப் பந்தயம் வைத்தது. இருபதாம் வளைவிலிருந்து நாற்பத்தைந்தாம் வளைவு வரை ஒவ்வொரு வண்டியாக ஏற வேண்டும். யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறார்களோ அவர்களுக்குக் கப்பு. உள்ளூர்ச் சின்னக் கார்களுக்குத் தனிப் பிரிவு. சோளக்காட்டுச் சந்தையில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்த கையோடு அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"அந்த ரோட்ட என்னயக் காட்டியும் யாருக்குடா நல்லாத் தெரியும்? உன்ர கேஸு பாட்டில எடுத்துட்டு வா."

"அக்கா, அது வெளையாட்டில்ல."

"நானும் வெளையாடல. ஆனா ஒண்ணு கண்ணு. திங்கக்கெழம காலையில ஏழு மணிக்கு வண்டி எனக்கு வேணும். போனது போனபடியே வரோணும். கப்பெல்லாம் அதுக்கப்பறம்."

அந்தத் திங்கட்கிழமைக்கு ஒரு காரணம் இருந்தது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கிற நாள் அது. மிளகுக் கொடிகளையும் மரவள்ளிக் காட்டையும் விட்டுவிட்டு வயதானவர்கள் மேடும் பள்ளமும் நடந்து வந்து ஒன்பது மணிக்கு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். மருந்தறைச் சாவி அக்காவின் கைப்பையில். கதவு திறக்காவிட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள், அடுத்த வாரம் வர மாட்டார்கள், மாத்திரை நின்றுபோகும். இது முன்பு ஒருமுறை நடந்து, ஒரு பெரியவர் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். அக்கா அதைப் பற்றிப் பேச மாட்டாள். கார் வாங்கியது அதற்குப் பிறகுதான்.

ஆகவே எஞ்சின் போனால் என் பெயர் மட்டும் போகாது. எனக்குப் பயம்தான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை பட்டறையில் சும்மா கிடந்த சின்னப் பாட்டிலையும் குழாய்களையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன்.

"சிரிப்பு வாயுங்கிறயே, வண்டி சிரிக்குமாடா?" என்று கேட்டபடி அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். பாட்டிலை மாட்டுவது பெரிய காரியமில்லை, டைமிங்தான் காரியம் என்று அவளுக்கு விளக்கினேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் உச்சிக்கு வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிளக்கில் பொறி விழ வேண்டும். பெட்ரோல் எரிந்து முடிய நேரம் பிடிக்கும் என்பதால் அந்த முன்கூட்டல். நைட்ரஸும் கூடவே கொஞ்சம் அதிகப் பெட்ரோலும் உள்ளே போனால் தீ வெகு சீக்கிரம் பரவிவிடும். பொறி பழைய நேரத்திலேயே விழுந்தால், மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனின் தலையிலேயே அடி விழும். இரண்டு மூன்று அடியில் ஓட்டை விழுந்துவிடும். ஆகவே பொறியைச் சில டிகிரி பின்னுக்குத் தள்ள வேண்டும். இதைத்தான் டைமிங்கைக் குறைப்பது என்போம்.

நான் பாதி சொல்லும்போதே அக்கா தலையாட்டினாள். "வீரியமான மருந்து ஒண்ணு சேந்துச்சுன்னா, ஏற்கெனவே ஓடற மருந்தோட அளவக் கொறைப்போம். அதாட்டந்தான?"

அதேதான். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் கழித்துப் புரிந்துகொண்ட விஷயம்.

அந்த வண்டியில் பொறி உச்சிக்குப் பத்து டிகிரி முன்னால் விழும். நான்கு குறைத்து ஆறில் வைப்பதாகத் திட்டம். பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, அதன் உடம்பைத் துளி திருப்பினால் டைமிங் மாறும். திருப்பினேன். பொறி விழும்போதெல்லாம் மின்னி, அது எத்தனை டிகிரியில் விழுகிறது என்று காட்டுகிற டைமிங் லைட் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். லைட் பையின் அடியில் இருந்தது. என் காதே போதும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு திமிர்.

சனிக்கிழமை காலை, கேஸை மூடிவைத்துவிட்டு ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று காரவள்ளி அடிவாரத்துக்குப் போனோம். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதை மூடிவைத்ததுதான். இரண்டாம் வளைவைத் தாண்டி ஏற்றத்தில் அக்கா ஆக்சிலேட்டரை அழுத்தினாள். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியது போல எஞ்சினுக்குள் ஒரு சத்தம். நான் அது என்னவென்று யோசிக்கும் முன்பே அவள் காலை எடுத்துவிட்டாள். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆறு வருசமா இதுல ஏறறேன். இப்பிடி ஒரு நாளும் கத்துனதில்லடா."

இறங்கி லைட்டை எடுத்தேன். எஞ்சினின் முன்பக்கம் பெல்ட் ஓடும் கப்பியில் டிகிரி பார்ப்பதற்கென்று இருக்கும் கோடு அழுக்கில் தெரியவில்லை. அக்கா கைப்பையிலிருந்து, மருந்துப் பதிவேட்டைத் திருத்த வைத்திருந்த ஒயிட்னரை எடுத்து நீட்டினாள். கோட்டின் மேல் ஒரு பொட்டு வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, லைட்டை அடித்தேன். பொட்டு ஆறில் இல்லை. பதினான்கில் நின்றது.

குறைப்பதற்குப் பதிலாக நான்கைக் கூட்டியிருக்கிறேன். எப்படி என்று பிறகுதான் புரிந்தது. எங்கள் தோட்டத்தில் தண்ணீரைக் குறைக்கக் கேட்வால்வை வலப்பக்கம் திருகுவோம். பத்து வயதிலிருந்து திருகிய கை. குறை என்றதும் அதுபாட்டுக்கு வலப்பக்கம் போய்விட்டது. அந்த எஞ்சினிலோ டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளே சுழல்வது இடப்பக்கம். அது சுழலும் பக்கமாகவே திருப்பினால்தான் பொறி தாமதமாகும். கேஸைத் திறந்துவிட்டு ஓடியிருந்தால் அந்தச் சனிக்கிழமையே எல்லாம் முடிந்திருக்கும்.

அக்கா திட்டவில்லை. "பட்டறையில கேட்வால்வுக்குத் தனி ஆளு வெச்சிருக்காங்களா, அதுவும் நீதானா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பொட்டு ஆறில் வந்து நிற்கும் வரை திருப்பினேன். எஞ்சினை உறுமவிட்டு, அந்த வேகத்திலும் ஒருமுறை பார்த்தேன். பிளக்குகளை மாற்றினேன். ஆக்சிலேட்டர் முழுசாக அழுந்தினால் மட்டுமே கேஸ் திறக்கும்படி ஒரு சுவிட்சும், ஸ்டியரிங்கில் வலது கட்டைவிரலுக்கு ஒரு பொத்தானும் வைத்தேன். இரண்டும் சேர்ந்தால்தான் வாயு போகும்.

வளைவுக்குள் கேஸ் கொடுக்கக் கூடாது, ஸ்டியரிங் நேரான பிறகுதான் என்று சொன்னேன். கண்ணை மூடி யோசித்துவிட்டு, இருபத்தைந்து வளைவில் நான்கு இடம்தான் தேறும் என்றாள். மாத்திரை போட்டுக் கொடுக்கும் பழுப்புக் கவர் ஒன்றை எடுத்து எழுதினாள். 23க்கு மூன்று, 29க்கு மூன்று, 34க்கு மூன்று, 41க்கு இரண்டு. எத்தனை எண்ணும் வரை அழுத்த வேண்டும் என்று கணக்கு. கவரில் 'உணவுக்கு முன், உணவுக்குப் பின்' என்று அச்சடித்திருக்கும் அல்லவா, அதில் உணவை அடித்துவிட்டு வளைவு என்று எழுதி, 'வளைவுக்குப் பின்' என்பதில் ஒரு டிக் போட்டாள். அந்தக் கவரை டேஷ்போர்டில் ஒட்டிக்கொண்டுதான் பந்தயத்துக்குப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை இருபதாம் வளைவில் ஒரே புகையும் இரைச்சலும். பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, வண்டிய நீங்களா ஓட்டறீங்க?"

"ஆமாங்க. தெனமும் நாந்தானுங்க ஓட்டறேன்."

எங்கள் பிரிவில் எட்டு வண்டிகள். பக்கத்து வண்டிக்காரர் சேலத்தில் குடியேறிவிட்ட மலைக்காரப் பையன். எங்களைவிடப் பெரிய கேஸ் பாட்டில், கறுப்புக் கண்ணாடி எல்லாம் உண்டு. எத்தனை டிகிரி என்று கேட்டார், சொன்னேன். "டைமிங்கக் கொறைச்சா வண்டி சோந்து போயிருமேங்க. கேஸ் போடறது ஓடறதுக்கா, நடக்கறதுக்கா?" என்று சிரித்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. கேஸ் இல்லாத நேரத்தில் எங்கள் வண்டி மந்தமாகத்தான் இருக்கும். அந்த மந்தத்தை ஈடுகட்ட வேண்டியது அக்காவின் கை.

அவர் முதலில் ஏறினார். சத்தமே மிரட்டியது. நான்கைந்து வளைவு தாண்டியிருப்பார், மேலிருந்து படார் என்று ஒரு வெடி, பிறகு நிசப்தம். ஆளுக்கு ஒன்றுமில்லை, எஞ்சின்தான் போய்விட்டது என்று வாக்கிடாக்கியில் தகவல் வந்தது. வண்டியை ஓரம் தள்ளும் வரை அரைமணி நேரம் நின்றோம்.  வேண்டாம் அக்கா, வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூடச் சொன்னேன்.

"பொட்டு எதுல நிக்குது?"

"ஆறுல."

"ரெண்டு தடவ பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன்."

"அப்பறம் என்ன?" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

கொடி விழுந்தது. வண்டி போய் மறைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் மேலே அனுப்பினேன். சாதாரண முனகலோடு ஏறியது. பிறகு ஓர் இடத்தில் சத்தம் திடீரென்று விரிந்தது. இருபத்து மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன், அடங்கியது. புளியங்கொட்டைச் சத்தம் இல்லை. மறுபடி விரிந்தது, இருபத்தொன்பது. சுத்தமான சத்தம். முப்பத்து நான்கு கேட்டபோது நான் எழுந்து நின்றுகொண்டு கத்திக்கொண்டிருந்தேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். நாற்பத்தொன்று எனக்கு எட்டவில்லை.

முதல் பரிசு. இரண்டாவதாக வந்த வண்டியை ஒன்பது விநாடி வித்தியாசத்தில் அடித்திருந்தாள். சாலை திறந்ததும் ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தபோது அக்கா பானெட்டில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுப்பாள், முடியாமல் மறுபடி சிரிப்பாள். வண்டி சிரிக்குமா என்று கேட்டவளுக்கு அன்று பதில் கிடைத்தது. எப்போதும் ஆரன் அடிக்கிற ஜீப்காரர் ஒருவர் தேநீர் வாங்கிவந்து கொடுத்தார். சேலத்துப் பையன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்து, "இன்னொருக்காச் சொல்லுங்க, எத்தன டிகிரி?" என்றார். காகிதத்தில் வரைந்தே காட்டினேன். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதற்கு மட்டும் அடியில் இரண்டு கோடு போட்டேன்.

வீட்டுக்கு வந்து நான்கு பிளக்குகளையும் கழற்றி ஒரு துண்டில் வரிசையாக வைத்தேன். பிஸ்டன் உருகியிருந்தால் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் உலோகத் துகள் பொடிப் பொடியாக மினுக்கும். அக்கா ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒரு மினுக்கலும் இல்லை. கேஸைக் கழற்றி, பழைய பிளக்குகளைப் போட்டு, பொட்டைத் திரும்பப் பத்துக்குக் கொண்டுவந்தேன். இந்த முறை இடம் வலம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அக்கா வண்டியை எடுத்தாள். நான் கோவைப் பஸ்ஸை விட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது.

"தொறந்துட்டேன்" என்றாள். பின்னால் இருமல்களும் பேச்சும் கேட்டன. அவ்வளவுதான், வைத்துவிட்டாள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய கப்பு அந்த ஒரு சொல்தான். மற்றது அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இப்போது என் பட்டறையில் டைமிங் லைட் ஆணியில் தொங்குகிறது, யாரும் எடுப்பதில்லை. திருப்புவதற்கு டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. மடிக்கணினியில் நான்கைக் குறை என்று தட்டினால் கேஸ் போகும் நேரத்தில் மட்டும் குறைந்து, தானே பழைய இடத்துக்கு வந்துவிடும். வெள்ளைக் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. டேஷ்போர்டில் இருந்த கவரை உரிக்கப் பார்த்தோம், கிழிந்துவிட்டது. அந்தப் பந்தயமும் பிறகு நடக்கவில்லை.

அக்காவிடம் இப்போது கியர் மாற்றத் தேவையில்லாத புது வண்டி. தீக்குச்சிப் பேச்சு வந்ததே சாக்கென்று நேற்று அவளோடு மலைக்குப் போனேன். பேரனுக்குக் காது குத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறினாள். முப்பத்து நான்காம் வளைவு முடிந்து ஸ்டியரிங் நேரானது. பேச்சு நிற்கவில்லை, பார்வையும் சாலையிலேயே இருந்தது. வலது கட்டைவிரல் மட்டும் எழுந்து, ஒன்றுமே இல்லாத வெறும் பிளாஸ்டிக்கை அழுத்தியது. நான் மனசுக்குள் எண்ணினேன். மூன்றில் விரலை எடுத்தாள்.